நாலாம் அர்த்தம்

காலையில் ஒருவரைப் பார்த்தால் கஞ்சி குடித்தாயிற்றா என்று கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. "ராத்திரி என்னவாவது கண்டீரா?" என்பார். நெய்யாற்றின்கரையில் நாங்கள் வேலை பார்த்த சர்க்கார் கச்சேரியின் படி ஏறும்போதே, குடையை மடக்குவதற்கு முன்பே, எதிர்ப்பட்ட ஆளிடம் கேட்டுவிடுவார். அந்த ஆள் மனு கொடுக்க வந்தவரா, சாட்சி சொல்ல வந்தவரா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

ஒரு நாள் கச்சேரிச் சேவகன் அவரைச் சீண்டிப் பார்த்தான்.

"கண்டேன் சாரே. நீரு எனக்கு ஒரு பசுவும் கன்னும் தானம் தந்தீரு."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டார். "பசு என்ன நெறம்?"

"வெள்ளை."

"கன்னு?"

"அதும் வெள்ளையாக்கும்."

"தாறப்பம் நான் என்ன சொன்னேன்?"

சேவகன் விழித்தான். "ஒண்ணும் சொல்லல்ல சாரே."

"வாய் பேசாம ஒரு சாமானம் குடுத்த ஆளில்ல நான். நீ சொன்னது பொய்யாக்கும். போ, போயி மை கலக்கு."

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் வழியினர் பாறசாலைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ஊர் அவருக்கு வைத்த கேலிப்பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன்.

மகாராஜா ஆட்சிக் காலம். திருவனந்தபுரத்தில் எஃப்.ஏ. வரை படித்துவிட்டு, இருபத்திரண்டு வயதில் அந்தக் கச்சேரியில் சேர்ந்தேன். அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். தமிழிலும் மலையாளத்திலும் வருகிற மனுக்களை மேலிடத்துக்கு இங்கிலீஷில் பெயர்த்து அனுப்புவது அவர் வேலை. கல்லூரியில் படித்த இங்கிலீஷ் அல்ல அது, தானே முட்டி மோதிச் சேர்த்தது. சந்தேகம் வந்தால் தன்னில் பாதி வயதுள்ள என் மேசைக்கு எழுந்து வருவார். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது. எனக்குத்தான் உள்ளுக்குள் ஒரு பெருமை ஊறும்.

பத்து வருடமாக அவர் ஒரு சொற்புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் சொல்லுக்கு எங்கள் தெற்கத்திப் பேச்சில் அர்த்தமும், அதை வழங்கும் விதமும். ஏ, பி, சி மூன்றும் முடிந்து, டி-யில் 'டிரீம்' என்ற சொல்லில் நின்றுவிட்டது. நான் சேர்ந்தபோது அது அங்கே நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்தச் சொல்லுக்கு அவர் நான்கு அர்த்தம் எண்ணி வைத்திருந்தார். உறக்கத்தில் காண்பது முதலாவது. கனவு, சொப்பனம், மலையாளத்தில் கினாவு. அதில் தகராறு இல்லை. விழித்துக்கொண்டே தன் நினைவின்றி இருப்பது இரண்டாவது. மை கலக்கும் சேவகனை அதற்கு உதாரணமாக எழுதி வைத்திருந்தார். நடக்கவே நடக்காது என்பதற்குச் சொல்வது மூன்றாவது. கனவிலும் நினைக்கமாட்டேன் என்று நமக்கும் உண்டு. நாலாவதில்தான் மாட்டிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் ஒருவன் வேண்டி நிற்பதையும் இங்கிலீஷ்காரன் அதே சொல்லால் சொல்கிறான்.

"மகன் வக்கீலாகணும்னு ஒரு வெள்ளைக்காரன் நெனைச்சா, அது எனக்க டிரீம்னு சொல்லுவானா மக்கா?"

"சொல்லுவான் அண்ணாச்சி."

"உறங்காமலா?"

"உறங்காமத்தான்."

"நம்ம ஆளு சொல்லமாட்டான், கேட்டியா. ஆசைன்னு சொல்லுவான், நேர்ச்சைன்னு சொல்லுவான். கனவுன்னு சொன்னா நடக்காதுன்னுல்லா அர்த்தம்? நடக்காததுக்கும் நடக்கணும்னு வேண்டுகதுக்கும் ஒரே சொல்லை வச்சுக்கிட்டு அவனுக எப்படித்தான் சம்சாரிச்சு வெளங்கிக்கிடுதானுவளோ!"

இன்று என் பேரப்பிள்ளைகள் தமிழிலேயே அப்படிப் பேசுகிறார்கள். எதற்கெடுத்தாலும் என் கனவு என்கிறார்கள். அன்று எங்கள் ஊரில் ஒருவர் வாயிலும் அந்தப் பொருளில் அந்தச் சொல் வராது. எங்கள் மண்ணில் ஒரு ஆளுக்காவது உறக்கத்தில் கண்டதும் வாழ்வில் வேண்டியதும் ஒன்றாக இருந்து, அதை அவர் தன் காதால் கேட்க வேண்டும். கேட்காமல் நாலாம் அர்த்தத்தை எழுதமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அதற்காகத்தான் அந்தக் காலைக் கேள்வி.

கேட்டதைத் துண்டுக் காகிதத்தில் எழுதுவார். பாழான படிவங்களின் பின்பக்கத்தைக் கத்தரித்து வைத்திருப்பார். சொன்னவர் பெயர், ஊர், கிழமை, பிறகு அவர் சொன்ன வார்த்தைகள். ஒரு எழுத்தைத் திருத்தமாட்டார். சொல்லும்போது ஆள் இருமினால் 'இருமினார்' என்று எழுதுவார். துண்டுகளைப் பனைநாரில் கோத்துத் தன் மேசைக் காலில் கட்டியிருந்தார். காற்றடித்தால் அது சருகு போலச் சலசலக்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது.

அவர் கனவு காணாதவர் என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு மத்தியானம். மேசையில் தலை சாய்த்து உறங்கிவிட்டார். மேலதிகாரி வருகிறார் என்று தோளைத் தட்டினேன். விழித்தவர் வேட்டியைச் சரிசெய்யவில்லை, வாயைத் துடைக்கவில்லை. சிறிது நேரம் எங்கோ தேடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

"என்ன கண்டீங்க அண்ணாச்சி?" என்றேன் வேடிக்கையாக.

"ஒண்ணும் இல்ல மக்கா. இருட்டுகூட இல்ல. எனக்குப் பெறந்ததிலேருந்து இல்ல."

காணவேண்டும் என்பதற்காக அவர் செய்யாதது இல்லை. ராத்திரி சக்கைப்பழம் என்கிற பலாப்பழத்தைத் தின்றால் பேய்க்கனவு வரும் என்று யாரோ சொல்ல, ஒரு முழுப் பழத்தைத் தின்று மூன்று நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தார். வடக்கே தலைவைத்துப் படுத்தார். அவர் வீட்டுக்கு ஒருமுறை போனபோது அவர் மனைவி சொன்னாள்: "இவிய உறங்குகது வெட்டிப்போட்ட வாழைத்தடி மாதிரியாக்கும். ஊரு உறக்கத்தையெல்லாம் வாங்கி எழுதிட்டு வந்து எனக்கு வாசிச்சுக் காட்டுதாவ. எனக்கு உறக்கம் வருமா?" அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சேவகனிடம் இந்தக் கதையை மறுநாளே நான் சொன்னேன். அதிலிருந்து கச்சேரி முழுக்க அது பேச்சாயிற்று.

அவரைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம் உண்டானது ஆற்றங்கரை விஷயத்தில்.

கெட்ட கனவு கண்டால் அதை மனிதரிடம் சொல்லக்கூடாது. விடியும்முன் ஆற்றில் முட்டளவு இறங்கி, ஓடுகிற தண்ணீரிடம் சொல்ல வேண்டும். ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். எங்கள் ஊர்ப் பெண்கள் அதை வழுவாமல் செய்துவந்தார்கள். அந்த நேரத்தில் ஆற்றில் இறங்கும் கடவுப் பக்கம் ஆண்கள் போவதில்லை. இவர் போனார். கைதைப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார், எழுதினார். எனக்குத் தெரிந்தபோது, "ஆத்துக்குச் சொன்னதை மனுசன் கேக்கலாமா அண்ணாச்சி?" என்றேன்.

"கேக்கப்பிடாது" என்றார். மறுநாளும் போனார்.

அப்படிக் கிடைத்ததுதான் செல்லம்மையின் துண்டு.

செல்லம்மை எங்கள் குடும்பத்து மனையில் குடியிருந்தவள். நாங்கள் வேளாளர், அப்போது எங்களுக்கு மருமக்கள் வழி. சொத்து மகனுக்குப் போகாது, சகோதரி மகனுக்குப் போகும். என் தாய்மாமன் கையில் இருந்த நிலமெல்லாம் ஒரு நாள் எனக்கு வரவேண்டியது. அதில் நாற்பது தென்னையும் ஒரு கிணறும் உள்ள மனை செல்லம்மையின் புருஷனுக்குப் பாட்டமாக, அதாவது குத்தகைக்கு, விடப்பட்டிருந்தது. அவன் ஆயுள் உள்ளவரை மாமா அதைத் தொட முடியாது. அவன் செத்தால் பாட்டம் முறியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் கிழக்கே தேயிலை மலைக்கு வேலைக்குப் போய் நாலு வருடம். கடிதம் இல்லை, ஆளும் இல்லை. செல்லம்மை தனியாக ஓலை முடைந்து, நாருக்காகத் தேங்காய் மடல் அடித்து, பாட்டத்தை ஒரு தடவைகூடத் தவறாமல் அளந்துவந்தாள். "வருவாவ ஏமானே" என்பாள், யார் கேட்டாலும்.

துண்டை அவர் நேரே என் மேசைக்குக் கொண்டுவந்தார். அது எனக்கு மனப்பாடம்:

"ஆத்தே, இன்னைக்கும் வந்தாவ. உடுத்த துணி நனைஞ்சு ஒழுகுது. சோறு தா எண்ணாவ. எலை போட்டேன். உக்காரல்ல. முற்றத்திலயே நிண்ணாவ. இது மூணாம் தடவையாக்கும். நீ கொண்டுபோயிக்கோ ஆத்தே. எனக்க கிட்ட வச்சுக்கிட முடியல்ல."

"பாத்தியா மக்கா, நாலாம் அர்த்தம்! அவளுக்கு இந்த லோகத்திலே வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அவனுக்கு எலை போடணும். அதையே உறக்கத்திலயும் காணுதா. ரெண்டும் ஒண்ணு." காகிதத்தை மறுபடி ஒருமுறை வாசித்தார். பிறகு, "இதை நான் கேட்டிருக்கப்பிடாது" என்று சொல்லித் துண்டைத் திரும்ப நாரில் கோத்தார்.

ஊர் அதை வேறுமாதிரி படிக்கும் என்று எனக்குத் தெரியும். நனைந்த துணியோடு வந்து சோறு கேட்பவன் இறந்தவன். மூன்று தடவை வந்தால் பெண் துக்கம் ஏற்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது மாமாவிடம் சொன்னேன். சிரிக்கத்தான் சொன்னேன், கச்சேரியில் இப்படி ஒரு கிறுக்கர் இருக்கிறார் என்று. மாமா சிரிக்கவில்லை. மோர் ஊற்றவந்தவளைக் கையமர்த்தி நிறுத்தினார்.

"மூணு தடவையா?"

"மூணு."

"எழுத்திலே உண்டா?"

"உண்டு."

"கொண்டுவா."

அறியாமல் செய்துவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசை. எத்தனையோ தடவை அப்படி எழுதிக் கிழித்திருக்கிறேன். அறிந்துதான் செய்தேன். மறுநாள் அவர் வெற்றிலை போடப் போன நேரத்தில் நாரை அவிழ்த்து, அந்த ஒரு துண்டை உருவி மடியில் வைத்துக்கொண்டேன். முடிச்சை அவர் போட்டமாதிரியே திரும்பப் போட்டேன்.

விசாரிப்பு எங்கள் ஊர் அதிகாரி முன்னால், அவருடைய கச்சேரி முற்றத்தில் நடந்தது. பார்வத்தியக்காரர் என்போம். புருஷன் செத்ததை மறைத்துப் பாட்டத்தை அனுபவிக்கிறாள் என்பது மாமாவின் மனு. முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். செல்லம்மை தூணருகே நின்றாள். பார்வத்தியக்காரர் துண்டை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "எலை போட்டேன். உக்காரல்ல" என்ற இடத்தில் செல்லம்மை சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நாற்பது பேர் முன்னால் தன்னை நிர்வாணமாக நிறுத்தியது போல அவள் தோள் குறுகியதைப் பார்த்தேன். நான் மாமாவுக்குப் பின்னால் இருந்தேன்.

துண்டை எழுதியவர் என்பதால் அவரையும் வரவழைத்திருந்தார்கள். அவர் துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது உம்ம கையெழுத்துதானே ஓய்?"

"எனக்கதுதான். ஆனா அதிலே சாவு இல்ல. டிரீம்ங்கிற இங்கிலீஷ் சொல்லுக்கு நாலு அர்த்தம் உண்டு. இது நாலாவது. இது ஆசையாக்கும்."

"இங்கிலீஷிலே சொன்னா அவன் பொழைச்சு வருவானா?" என்றார் பார்வத்தியக்காரர். முற்றம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "சாரே, எனக்குப் பல்லு விழுந்த மாதிரி ஒரு கினாவு, அது எத்தனாவது?" என்று கேட்டான். இன்னும் சிரித்தார்கள்.

அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு சொன்னார்: "அவ காணல்ல. நான் கண்டது."

"என்னது?"

"நான் கண்ட சொப்பனமாக்கும் அது. புத்தகத்துக்கு ஒரு உதாரணம் வேணும்னு பொம்பளைப் பேச்சிலே எழுதி, மேலே அவ பேரைப் போட்டேன். அவ ஆத்துக்கு வரவும் இல்ல, சொல்லவும் இல்ல. தப்பு எனக்கது."

இருமலைக்கூட விடாமல் எழுதிய மனிதர். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது. அதைச் சொல்லும்போது அவர் குரல் தெளிவாக இருந்தது. செல்லம்மை முகத்திலிருந்து துணியை எடுத்து அவரைப் பார்த்தாள். பார்வத்தியக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த ஒரு நிமிடத்தில் மனை அவளுக்கு நின்றுவிட்டது என்றே நினைத்தேன். எனக்கு அப்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது போலிருந்தது என்பதும் உண்மை.

மாமா திரும்பாமலே சொன்னார்: "இந்த ஆளு பெறந்ததிலேருந்து கனவே காணாதவருன்னு கச்சேரி முழுக்கப் பேச்சு. இங்க இருக்கானே எனக்க மருமகன், அடுத்த மேசையாக்கும். கேளும்."

பார்வத்தியக்காரர் என்னைக் கூப்பிட்டார். "நீரு எஃப்.ஏ. வாசிச்ச ஆளு. உள்ளதைச் சொல்லும். இவரு சொப்பனம் காணுகதுண்டா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அடுத்தவன் உறக்கத்தில் என்ன காண்கிறான் என்று யாருக்குத் தெரியும்? உலகத்தில் எந்தச் சாட்சிக்கும் இத்தனை சுலபமான தப்பும் வழி கிடைத்திருக்காது. மாமாவின் பிடரியைப் பார்த்தேன். நாற்பது தென்னையையும் பார்த்தேன்.

"காணுகதில்ல. அவியளே எங்கிட்டச் சொல்லியிருக்காவ" என்றேன்.

அத்தனைதான். எழுதி முடிக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பதினாறாம் நாள் செல்லம்மையை ஆற்றில் இறக்கித் தாலியைக் கழற்ற வைத்தார்கள். அவள் அழவில்லையாம். "அவிய வந்து கேட்டா என்ன சொல்லுவிய?" என்று சுற்றி நின்ற பெண்களிடம் கேட்டாளாம். மனையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, பூவாரில் தங்கை வீட்டுக்குப் போனாள்.

விசாரிப்பில் பொய் சொன்னார் என்று அவரை மொழிபெயர்ப்பு மேசையிலிருந்து எடுத்து, பழைய காகிதக் கட்டுகள் அடுக்கிய அறைக்குப் போட்டார்கள். சொற்புத்தகத்தை அவர் பிறகு தொடவில்லை. காலையில் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி வாதாடியிருப்பேன். ஒரு நாள் நானே அந்த அறை வாசலில் போய், "அண்ணாச்சி, அன்னைக்கு..." என்று தொடங்கினேன்.

"நீ உள்ளதைத்தானே சொன்னே மக்கா" என்றார். தூசி தட்டுவதை நிறுத்தாமல் சொன்னார். அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே அப்படி நினைத்தார். களவைச் செய்தவன் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. கைதைப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் மேல்தான் அவர் கோபமெல்லாம்.

அடுத்த மாசியில் கும்பப்பூ அறுப்பு முடிந்த சமயம், ஒரு காலையில் அவர் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். கூடவே எலும்பும் தோலுமாக ஒரு ஆள், தலையில் ஒரு துணிமூட்டை.

"மக்கா, இது செல்லம்மைக்க மாப்பிள" என்றார்.

மலைக்காய்ச்சலில் கிடந்திருக்கிறான். ஒரு தோட்டம் விட்டு இன்னொரு தோட்டம் போயிருக்கிறான். "எனக்கு எழுத்து தெரியாது ஏமானே. ரெண்டு தடவை ஒரு ஆளுட்டச் சொல்லி எழுதிப்போட்டேன். அவன் போட்டானோ என்னமோ" என்றான். மனைக்குப் போயிருக்கிறான், அங்கே மாமா மரச்சீனிக் கிழங்கு நட்டிருக்கக் கண்டு, விசாரித்து அண்ணாச்சியிடம் வந்து சேர்ந்திருக்கிறான்.

"நான் பூவாருக்குப் போயி அவளைக் கூட்டிட்டு வாறேன்" என்றார் அவர். முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. "ஆளு உயிரோட உண்டு. ஆனா பாட்டம் முறிஞ்சதா எழுதியாச்சு, நட்டாச்சு. உனக்க மாமா தானா விடமாட்டாரு. அந்தத் துண்டை மேசையிலேருந்து எடுத்தது நீயாக்கும்னும், அதை வச்சு நடந்த விசாரிப்பு முறையில்லைன்னும் ஒரு வாக்கு எழுதித் தா. மேலிடத்துக்கு மனு நான் எழுதுதேன். இங்கிலீஷிலே எழுதுதேன்."

"மாமாட்ட ஒண்ணு கேட்டுட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"மாமாட்ட என்னத்தைக் கேக்க? உனக்க வாக்குல்லா?"

களவு செய்தேன் என்று கையெழுத்திட்டால் வேலை போகும், மாமாவின் சொத்தும் போகும். யோசிக்கிறேன் என்றேன். அவர்களை உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். அந்த மாதத்தில் இன்னும் இரண்டு தடவை அவர் வந்தார். இரண்டாம் தடவை, வீட்டில் இல்லை என்று உள்ளிருந்தே சொல்லச் சொன்னேன். என் செருப்பு படியில் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, "வந்தா நான் வந்தேன்னு சொல்லுங்க" என்று சொல்லித் திரும்பினார். அதற்கப்புறம் வரவில்லை.

செல்லம்மையும் அவனும் பூவாரிலேயே, தங்கை வீட்டு மனையின் ஓரத்தில் ஒரு ஓலைப்புரை கட்டி இருந்தார்கள். எத்தனை வருடம் என்று தெரியாது. அவர் வேலையில் இருக்கும்போதே இறந்தார். சவ எடுப்புக்கு நான் போகவில்லை. மாமா இறந்தபின் அந்த மனை என் பெயருக்கு வந்தது. தென்னைகளில் பாதியை வெட்டி அதில் வீடு கட்டினேன். ஐம்பது வருடமாக இதில்தான் குடியிருக்கிறேன். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறேன்.

இப்போது மருமக்கள் வழி கிடையாது. என் மூன்று மகன்களுக்கும் இது போகும். மூத்தவன் நாளை மறுநாள் வருகிறான். இது யாருடைய மனை என்று அவர்களுக்குத் தெரியாது. வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததால் எழுதினேன். செல்லம்மையின் தங்கை வழியில் மூன்று பேரப்பிள்ளைகள் பூவாரில் இருக்கிறார்கள். ஆள் அனுப்பி விசாரித்து, பெயரும் வீட்டு அடையாளமும் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். மகன்கள் இதைப் படித்துவிட்டு என்னிடம் வரட்டும். மனையை மகன்களுக்கு மூன்றாகப் பிரிக்கும் பத்திரம் மேசையில் இருக்கிறது. நான் இன்னும் அதில் கையெழுத்துப் போடவில்லை.